நடுகல் நட்ட நாட்டில் நடையாய் நடக்கும் மறவர் குடி

பழைய வடார்க்காட்டு மாவட்டத்துச் செங்கம் பகுதியில் வயல்வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் பல கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்கச் சென்று அம்பு தைத்து வீழ்ந்தவனுக்கும், ஊர் காக்கப் பொருது மாய்ந்தவனுக்கும் நம் முன்னோர் எடுத்த கற்கள் அவை. பல்லவர் காலத்துக் கற்களில், வீழ்ந்தவன் பெயரும், எதன்பொருட்டு வீழ்ந்தான் என்பதும் வட்டெழுத்தில், தமிழ்மொழியில் வெட்டப்பட்டுள்ளன. கல் நடுதற்குரிய துறைகள் ஆறனைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. கல்லோடு கடமை முடிந்தது என்றும் அவர்கள் இருந்துவிடவில்லை. வீழ்ந்தவன் குடிக்கு நிலம் விட்டனர். அதற்கு நெய்த்தோர்ப்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் பெயர். நெய்த்தோர் என்பது குருதி. குருதிக்கு ஈடாக விட்ட நிலம் என்பது பொருள்.

இதில் இரண்டு செய்திகளைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மறவன் பெயரைத் தமிழில் எழுதினர் என்பது ஒன்று. அவன் குடிக்குரியதை அவன் ஊரிலேயே, ஊரறியக் கொடுத்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இன்று இல்லாமையால் படைவீரர் குடும்பங்கள் படும் பாட்டைக் கூறவே இதனை எழுதலானேன்.

அதே வடார்க்காட்டு மண்ணினின்று இன்றும் படைக்குச் செல்வோர் மிகப் பலர். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் படைக்கு ஆள் அனுப்பாத வீடு அரிது; அவ்வூரை மக்கள் இராணுவப்பேட்டை என்றே வழங்குவர். 1758-இல் தோன்றிய சென்னைப் படையணியின் நடுவம் நீலமலை வெல்லிங்டனில் உள்ளது. எனினும் தமிழர் அவ்வணி ஒன்றில் மட்டுமே உளர் என்று எண்ணற்க. பொறியாளர் படை, பீரங்கிப் படை, செய்தித்தொடர்புப் படை, கப்பற்படை, வான்படை என எங்கணும் உளர். படைஞராகச் சேர்ந்தோரில் பலர், பதினைந்து பதினேழு ஆண்டுகள் பனியிலும் மணலிலும் கிடந்துவிட்டு, நாற்பது அகவை நிரம்புமுன்பே ஊர் திரும்புகின்றனர். மற்றையோர் வாழ்வில் ஊன்றி நிற்கும் அகவையில், இவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியவராகின்றனர்.

இவர்களுக்கு அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறினால் அது பொய்யாகும். முன்னாள் படைவீரர் நலத்துறை எனத் தமிழக அரசில் தனித்துறையே உண்டு. மாவட்டத் தலைநகர்களில் அதன் அலுவலகங்கள் உள்ளன. பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை உண்டு, மகள் திருமணத்துக்கு உண்டு, ஈமச்செலவுக்கும் உண்டு. 1986-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகத்தின் வழியாகக் காவற்பணி கிடைக்கின்றது. மாவட்ட ஆட்சியர்கள் இவர்களுக்கெனக் குறைதீர் கூட்டம் கூட்டுகின்றனர். தொழில் தொடங்க விழைவோர்க்கு ஒரு கோடி உருபா வரை கடனும், அதில் 30 விழுக்காடு முதலீட்டு உதவியும், 3 விழுக்காடு வட்டி உதவியும் தரும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2024-இல் அறிவிக்கப்பெற்று 2025-இல் தொடங்கப்பெற்றது. பட்டியல் நீளமானதே. ஆனால் பட்டியல் அலுவலகச் சுவரில் தொங்குகின்றது. படைவீரன் குடும்பமோ பேருந்து இரண்டு மாறி வரவேண்டிய சிற்றூரில் இருக்கின்றது. இடைப்பட்ட தொலைவைக் கடப்பது யார்?

எம் ஊரில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவேன். 1971-ஆம் ஆண்டுப் போரிற் பங்கு கொண்ட முதியவர் ஒருவர் சில ஆண்டுகட்கு முன்னர் இயற்கை எய்தினார். அவர் மனைவியார்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. உண்மைப் பெயரை ஈண்டு எழுத விரும்பவில்லை. அழகம்மை என்று வைத்துக்கொள்வோம். கணவர் ஓய்வூதியம் நின்றது, குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும், வரவில்லை. படைப் பதிவேட்டில் அவர் பெயர் 'அலகம்மா'. ஆதார் அட்டையில் 'அழகம்மை'. குடும்ப அட்டையில் 'அழகம்மாள்'. மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் வரை ஒரு காசும் இல்லை என்றாயிற்று.

அரை நூற்றாண்டுக்கு முன்பு, எங்கோ ஒரு வடபுலத்து முகாமில், ழகரம் அறியாத எழுத்தர் ஒருவர் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த பெயர் அது. ழகரத்தை ஒருவர் ஓரெழுத்தால் எழுதுகின்றார். மற்றொருவர் ஈரெழுத்தால் எழுதுகின்றார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் நம் வழக்கம் வடவர்க்கு விளங்குவதில்லை. தந்தை பெயரையே குடிப்பெயராக்கி மகன் பெயர்க்குப் பின்னால் ஒட்டிவிடுகின்றனர். கணவர் உள்ளவரை யாரும் அதனைப் பார்ப்பதில்லை. அவர் மறைந்த பின்னரே பிழை வெளிப்படுகின்றது. பிழை செய்தவர் எங்கோ இருக்க, பிழை செய்யாதவள் தண்டம் கட்டுகின்றாள்.

அம்மூதாட்டி ஒரு மாலை என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து, மடியிலிருந்த தாள்களை எடுத்து வைத்துக் கேட்டார்: "ஐயா, தமிழு படிச்சவரு நீங்க. எம் பேரு எதுன்னு நீங்களே சொல்லுங்க." முப்பது ஆண்டுகளாக எழுத்திலக்கணம் கற்பித்தவன் யான். எனக்கு மறுமொழி வரவில்லை.

பின்னர் உறுதிமொழி ஆவணம் எழுதினோம். செய்தித்தாள்களில் அறிவிப்புக் கொடுத்தோம். பெயர்கள் ஒருவரையே குறிக்கும் என்னும் சான்று வேண்டி வட்ட அலுவலகத்துக்கு நடந்தோம். வெளிமாநிலத்துப் பதிவகத்துக்கு மடல்கள் விடுத்தோம். அங்கிருந்து ஒரு மடல் வந்தது. சுருக்கெழுத்துகள் நிறைந்த ஆங்கிலம். பத்தாம் வகுப்பு வரை பயின்ற மகன் அதனை மறுப்பு எனக் கருதி, மனமொடிந்து பெட்டியில் வைத்துவிட்டான். உண்மையில் அது இன்னும் ஒரு தாள் வேண்டும் என்னும் கேட்பு. அது யார்க்கும் புரியாமல் நான்கு திங்கள் வீணாயின. அதற்குள் மூதாட்டியின் காதுத்தோடு அடகுக்குப் போயிற்று.

முடிச்சு அவிழ்ந்தது எப்படி? மாவட்ட அலுவலகத்தின் நல அமைப்பாளர் ஒருவர், அவரும் முன்னாள் படைஞரே, வேறொரு செய்திக்காக எம் ஊர்க்கு வந்தார். செய்தி கேட்டு அவ்வீட்டுக்குச் சென்றார். பெட்டியிலிருந்த மடலைப் படித்துத் தமிழில் பொருள் சொன்னார். வேண்டிய தாளை அங்கேயே எழுதிக் கையொப்பம் வாங்கினார். அரைமணி நேரம் ஆயிற்று, அவ்வளவே. இரண்டு திங்களில் பணம் வந்தது. பதினொரு திங்கள் அலைச்சலால் ஆகாதது, ஊர்க்கு வந்து தமிழில் பேசிய ஒருவரால் அரைமணியில் ஆயிற்று. இக்கட்டுரையில் யான் சொல்ல வேண்டியது இதனுள்ளேயே அடங்கிவிட்டது.

இது ஒரு வீட்டுத் துயரன்று. அமைப்பே அவ்வாறு உள்ளது. பீரங்கிப் படையின் பதிவகம் நாசிக்கில். செய்தித்தொடர்புப் படையினது செபல்பூரில். மின்-எந்திரப் பொறியாளர் படையினது செகந்தராபாதில். தரைப்படையினர் ஓய்வூதியத்துக்கு ஆணை வழங்கும் கணக்கு அலுவலகம் அலகாபாதில். ஓய்வூதியம் இப்பொழுது இணையவழி வருகின்றது. அதற்கு இட்ட பெயர் 'சுபர்சு' என்னும் வடசொல். படைவீரர் நலனுக்கான நடுவண் வாரியத்துக்கு 1975-இல் 'கேந்திரிய சைனிக் போர்டு' என்று பெயர் மாற்றினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கைம்பெண் ஒருத்தி தன் உரிமையைக் கேட்கப்போகும் இடத்தின் பெயரையே சொல்ல இயலாமல் தொடங்குகின்றாள்.

ஒன்றிய அரசின் 1976-ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்தா என்று அவ்விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. நம்மவர் போராட்டத்தின் பயன் அது. ஆயினும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளல் ஆகாது. இந்தி வாராத இடத்தில் தமிழ் வந்து அமரவில்லை, ஆங்கிலம் அமர்ந்திருக்கின்றது. அழகம்மைக்கு இரண்டும் ஒன்றே. தில்லி தமிழில் எழுதும் நாள் வரும்வரை, இடையில் நின்று தமிழாக்கித் தரவேண்டிய கடமை தமிழக அரசினது. 1956-ஆம் ஆண்டிலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த அரசுக்கு இதனைச் செய்ய யார் இசைவும் வேண்டா.

மற்றொன்றும் கேளுங்கள். ஓய்வூதியம் பெறுமளவு பணியாற்றாமல் வந்து, 65 அகவை கடந்து, வருவாயின்றி வாடும் முன்னாள் படைவீரர்க்கும் அவர்தம் கைம்பெண்டிர்க்கும் நடுவண் வாரியம் திங்கள்தோறும் வறுமை உதவித்தொகை ஒன்று வழங்குகின்றது. 4,000 உருபாவாக இருந்த அத்தொகை 2025 நவம்பர் முதல் 8,000 உருபாவாக உயர்த்தப்பட்டது. அவாள்தார் நிலைவரை உள்ளோர்க்கு உரியது அது. வேண்டுகை மாவட்ட அலுவலகத்தின் வழியாகவே செல்லவேண்டும். இத்தொகைக்கு உரியவர் யார்? கூலி வேலைக்கும் ஆற்றலற்ற முதியவர். அவரே இணையத்தில் ஆங்கிலப் படிவம் நிரப்பவேண்டுமாம்! உதவி மிகுதியும் வேண்டியவர்க்கே உதவிக்கு வழி மிகுதியும் அடைபட்டிருக்கின்றது.

"தில்லிக்குப் படைத்தொண்டு செய்தவனுக்கு நாம் ஏன் பரிந்து பேசவேண்டும்?" என்று நம்மவருள் சிலர் வினவக்கூடும். நேராகவே மறுமொழி கூறுவேன். ஏரி வறண்டு, காணி இன்றி, கைத்தொழில் நசிந்து, பதினெட்டு அகவையில் படைச்சேர்ப்பு வரிசையில் வெயிலில் நின்ற இளைஞன் கொள்கை ஆய்ந்து போனவனல்லன். வீட்டில் உலை கொதிக்கப் போனவன். அவனும் தமிழன், அவன் தாயும் தமிழச்சி. அவன் மனைவியின் பெயரைத் தில்லி பிழையாக எழுதியதென்றால், அழிந்தது ஒரு தமிழ்ப்பெயர். தமிழ் காப்போம் என்று மேடையில் முழங்கும் நாம், ஒரு தமிழச்சியின் பெயரைத் தாளில் காத்துக் கொடுக்கவில்லையெனில், நம் முழக்கத்துக்குப் பொருள் என்ன?

என் குற்றத்தையும் மறைக்க மாட்டேன். 1949 முதல் ஆண்டுதோறும் திசம்பர் 7-ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் வகுப்புதோறும் சிறு கொடிகளைக் கொடுத்து மாணவரிடம் காசு திரட்டுவது ஆசிரியர் கடமை. யானும் பல்லாண்டு திரட்டினேன். எண்ணிக் கட்டித் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்தேன். அக்காசு யாரைச் சேர்கின்றது என்று மாணவர்க்கு ஒருநாளும் சொன்னதில்லை. அழகம்மை வந்துபோன ஆண்டில்தான், "உங்களுள் யார் வீட்டில் படையிற் பணியாற்றியவர் உளர்?" என்று கேட்டேன். நான்கு கைகள் உயர்ந்தன. அவர்களுள் இருவர்க்குக் கல்வி உதவித்தொகை என ஒன்று உண்டு என்பதே தெரியாது. உதவித்தொகைக்கு உரிய பிள்ளைகளிடமே காசு வாங்கிக்கொண்டு, உரியதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

இனி வரப்போவது இதனினும் பெரிது. 2022 சூன் திங்களில் ஒன்றிய அரசு 'அக்கினிபத்' என்னும் நான்காண்டுப் படைச்சேர்ப்பை அறிவித்தது. அத்திட்டத்தின்படி நூற்றுக்கு 25 பேர் வரையே படையில் நிலைப்பர். எஞ்சியோர் ஏறத்தாழ 11.71 இலக்கம் உருபாவுடன் வெளிவருவர், ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்னும் நிலையும் இல்லை. முதலிற் சேர்ந்தோர்க்கு நான்காண்டு நிறைவது 2026 இறுதியை ஒட்டி. அவ்விளைஞரை, பட்டியலில் பெயரில்லை என்று மாவட்ட அலுவலகம் திருப்பி அனுப்புமாயின் அவர்கள் எங்குச் செல்வர்?

ஆகலின் தமிழக அரசு செய்யவேண்டுவன இவை.

முதலாவது, வட்டந்தோறும் ஒரு நல அமைப்பாளரை அமர்த்துதல் வேண்டும். இன்று மாவட்டம் முழுவதையும் சுற்றிவர விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே உளர். திங்களுக்கு ஒருமுறையேனும் வட்டத் தலைநகரில் அமர்ந்தும், நடக்கவியலாதவர் வீட்டுக்குச் சென்றும் அவர் பணியாற்ற வேண்டும்.

இரண்டாவது, படிவம் எதுவாயினும் அதன் தமிழ்வடிவம் அவர் கையில் இருத்தல் வேண்டும். பதிவகங்களிலிருந்து வரும் மடல்களைத் தமிழாக்கிக் கூறுவது அவர் கடமையென ஆணையிடல் வேண்டும்.

மூன்றாவது, பெயர்ப்பிழையைக் கணவர் உயிருடன் இருக்கும்போதே திருத்துதல் வேண்டும். ஊர்தோறும் முகாம் அமைத்துப் படைப் பதிவையும் பிற அட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கைம்பெண் அலைச்சல் பெரும்பாலும் நீங்கும்.

நான்காவது, நான்காண்டில் திரும்பும் இளைஞர்க்கும் மாநில அலுவலகத்தின் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி இருப்பதா? இவ்விதழ் படிக்கும் அன்பர்களுள் ஆசிரியர் பலர். அஞ்சலகப் பணியாளர், ஊர் நூலகர், கல்லூரி மாணவர் பலர். உங்கள் ஊரில் படையிலிருந்து திரும்பியவர் வீடுகள் எவையெவை என்று இத்திங்களே கணக்கெடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: ஓய்வூதிய ஆணை, ஆதார் அட்டை, குடும்ப அட்டை. பெயர் மாறியிருந்தால் இன்றே திருத்தக் கேட்டு எழுதுங்கள். ஓய்வூதியம் இல்லா முதியவர் இருந்தால் மாவட்ட அலுவலகத்துக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது போதும்.

அழகம்மையார் இப்பொழுது திங்கள்தோறும் வங்கிக்குச் சென்று பணம் எடுத்து வருகின்றார். அவர் பெயர் பதிவேட்டில் ழகரத்தோடு திருந்திவிட்டது. தோடு இன்னும் மீளவில்லை.