முதல் வயலின்: பளபளப்பைப் பார்க்காதீர்கள், சுருதி நிற்கிறதா என்று பாருங்கள்!

ஜூன் மாதம் வந்தாலே எண்ணூர் வீடுகளில் கணக்கு நோட்டு திறந்துவிடும். பள்ளிக் கட்டணம், யூனிஃபார்ம், ஷூ, வேன் காசு என்று வரிசையாகச் செலவு நிற்கும். துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர், கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர், கடலுக்குப் போகிறவர் என்று மாத வருமானத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். அந்த நேரத்தில் பிள்ளை வந்து, ‘எனக்கு வயலின் கத்துக்கணும்’ என்று கேட்டால், முதலில் சந்தோஷம் வரும். அடுத்த நொடியே, ‘எவ்வளவு ஆகும்?’ என்ற கவலை வரும்.

செல்போனில் தேடினால் குழப்பம் இன்னும் கூடும். மூவாயிரம், நாலாயிரம் ரூபாய்க்கும் வயலின் இருக்கிறது. லட்ச ரூபாய்க்கும் இருக்கிறது. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ‘முதல்ல இருக்கறதிலேயே மலிவா ஒண்ணு வாங்குவோம். பிள்ளை நல்லா வாசிச்சா அப்புறம் நல்லதா வாங்கலாம்’ என்று பெரும்பாலான பெற்றோர் முடிவு செய்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வயலின் விஷயத்தில் இந்தக் கணக்கு பல நேரம் தப்பாகிவிடுகிறது.

காரணம் இதுதான். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் சரியான ஸ்வரம் வந்துவிடும். கிட்டாரில் எங்கே விரல் வைப்பது என்று காட்டக் கம்பிக் கட்டங்கள் இருக்கும். வயலினில் அப்படி எந்த அடையாளமும் கிடையாது. காதும் விரலும் சேர்ந்து தேடித்தான் ஸ்வரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் தந்தி தானாகத் தளர்ந்து சுருதி இறங்கிக்கொண்டே இருந்தால், நேற்று சரியாக இருந்த இடம் இன்று தப்பாகிவிடும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது கருவியின் கோளாறு என்று தெரியாது. ‘எனக்கு வர மாட்டேங்குதும்மா’ என்று சொல்லி வயலினை மூடி வைத்துவிடும். வீணானது நாலாயிரம் ரூபாய் மட்டுமல்ல. ‘நமக்கு சங்கீதம் வராது’ என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனதில் தங்கிவிடுகிறது.

மணலியில் ஆரம்பித்த உறவு

‘வயலின் எல்லாம் மயிலாப்பூர் பக்கம்தானே, நமக்கு எதற்கு?’ என்று யாராவது சொன்னால், அவர்களுக்குப் பக்கத்து ஊர்க் கதையைச் சொல்லலாம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786-ல் பிறந்தவர். அவருடைய குடும்பம் மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் மணலியில் வாழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியில் செல்வாக்கோடு இருந்த மணலி சின்னையா முதலியாரின் தொடர்பால், புனித ஜார்ஜ் கோட்டையின் ஐரோப்பிய இசை இந்தச் சகோதரர்களுக்கு அறிமுகமானது. பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். பிறகு அதில் நம் ராகங்களை வாசித்தார். கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்த கதையை எழுதுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். இன்று எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை வைத்து அடையாளம் சொல்லும் அதே மணலிதான்.

வயலினுக்கு முன்னால் ஆசிரியர்

கடைக்குப் போகும் முன் யாரிடம், எந்த முறையில் கற்கப் போகிறது பிள்ளை என்பதை முடிவு செய்துவிடுங்கள். கர்நாடக முறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி வாசிப்பார்கள். தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்ப்பார்கள். தேவாலயப் பாடகர் குழுவிலோ சினிமா ஆர்கெஸ்ட்ராவிலோ வாசிக்க ஆசை என்றால் மேற்கத்திய முறை. அதில் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாசிப்பார்கள். சுருதி சேர்ப்பதும் வேறு. தோளுக்கும் வயலினுக்கும் நடுவே வைக்கும் ‘ஷோல்டர் ரெஸ்ட்’ அவர்களுக்குத் தேவைப்படும். கர்நாடக முறை என்றால் அந்தச் செலவு மிச்சம்.

முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஆசிரியரிடமே ஒரு வயலின் இரவல் கிடைக்குமா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பல ஆசிரியர்களிடம் பழைய மாணவர்கள் விட்டுப்போன சின்ன வயலின்கள் இருக்கும். பிள்ளையின் ஆர்வம் நிலைக்கிறதா என்று தெரிந்த பிறகு பணம் போடலாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசமாக மேற்கத்திய இசை சொல்லிக்கொடுக்கும் முயற்சிகளும் சென்னையில் உண்டு, ஏ.ஆர்.ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா அதற்கு நல்ல உதாரணம். பிற்பாடு முறையாகப் படிக்க விரும்பினால், 1949-ல் தொடங்கப்பட்ட அரசு இசைக் கல்லூரி ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது.

வளர்ந்த பிறகும் ஆகும் என்று பெரிதாக வாங்காதீர்கள்

யூனிஃபார்மை ஒரு சைஸ் பெரிதாகத் தைக்கலாம். வயலினை அப்படி வாங்கக் கூடாது. பெரிய வயலினைப் பிடிக்கக் கையை இழுத்து இழுத்து நீட்டினால் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். விரல் சரியான இடத்தில் விழாது.

வயலின்கள் முழு அளவு, முக்கால், அரை, கால் என்று பல அளவுகளில் வருகின்றன. வீட்டில் இருக்கும் டெய்லர் டேப்பே போதும். பிள்ளையின் இடது கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுவரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ 58 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் முழு அளவு, 55 பக்கம் என்றால் முக்கால், 51 பக்கம் என்றால் அரை, 46, 47 என்றால் கால் அளவு பொருந்தும். இரண்டு அளவுகளுக்கு நடுவே வந்தால் சின்னதையே எடுங்கள். கடைசி வார்த்தை ஆசிரியருடையதாக இருக்கட்டும்.

கடையில் பத்து நிமிஷ சோதனை

வயலினை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் அண்ணா சாலைக்கு ஒரே ரயில். 1842 முதல் இயங்கும் மியூசி மியூசிக்கல் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. நகரில் வேறு இசைக்கருவிக் கடைகளும் நிறைய. முடிந்தால் ஆசிரியரையோ, வாசிக்கத் தெரிந்த ஒரு மாணவரையோ கூட அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கடையானாலும் இவற்றைப் பாருங்கள்.

* பிருடை: கடைக்காரரைச் சுருதி சேர்த்துத் தரச் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி மீட்டச் சொல்லுங்கள். புதுத் தந்தி கொஞ்சம் இழுபடும். சுருதி லேசாக இறங்குவது சகஜம். ஆனால் பிருடை சரேலென்று கழன்று சுழன்றாலோ, திருகவே முடியாமல் இறுகியிருந்தாலோ அந்த வயலின் வேண்டாம்.
* ஃபைன் ட்யூனர்: தந்திகள் கீழே கட்டப்பட்டிருக்கும் இடத்தில் சின்னத் திருகுகள் நான்கும் இருந்தால் நல்லது. சிறுவர்கள் பிருடையோடு போராடாமல் இதிலேயே நுணுக்கமாகச் சுருதி சேர்க்கலாம்.
* பிரிட்ஜ்: தந்திகளைத் தாங்கும் சின்னப் பலகை இது. நேராக நிற்க வேண்டும். இரண்டு பாதமும் இடைவெளி இல்லாமல் பதிந்திருக்க வேண்டும். அது அதிக உயரமாக இருந்தால் தந்தியை அழுத்தும் பிள்ளையின் விரல் நோகும். முழு அளவு வயலினில், விரல் பலகை முடியும் இடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் மெல்லிய தந்தி 3 முதல் 4 மில்லிமீட்டர், தடித்த தந்தி 5 முதல் 6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கலாம். அதற்கு மேல் என்றால் செதுக்கித் தரச் சொல்லுங்கள்.
* விரல் பலகை: நல்ல வயலினில் இது கருங்காலி மரம். மலிவானதில் சாதா மரத்துக்குக் கறுப்புச் சாயம். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கறுப்பு ஒட்டினால் விஷயம் தெரிந்துவிடும்.
* உள்ளே ஒரு குச்சி: மேல் பலகையில் உள்ள துவாரம் வழியே பார்த்தால், பிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். மேல் பலகையின் அதிர்வைக் கீழ்ப் பலகைக்குக் கொண்டுபோவது அதுதான். பிரெஞ்சு மொழியில் அதற்கு ‘ஆன்மா’ என்றே பெயர். அது விழுந்து உள்ளே உருண்டால் தந்தியை முறுக்காமல் கடையிலேயே சரிசெய்ய வேண்டும்.
* வில்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு வில்லின் நுனிவரை பாருங்கள். பக்கவாட்டில் கோணியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். புது வில்லில் ரோசின் தேய்க்காவிட்டால் சத்தமே வராது. இது தெரியாமல், நல்ல வயலினையே ‘டிஃபெக்ட்’ என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

ஆன்லைனில் வாங்கியே ஆக வேண்டும் என்றால், பெரும்பாலும் பிரிட்ஜ் தனியாகவோ படுக்க வைத்தோதான் வரும். உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். பசை போட்டு ஒட்டவும் கூடாது. தந்தியின் அழுத்தத்தில்தான் அது நிற்க வேண்டும். ஆசிரியரிடம் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்கள்.

பத்தாயிரம் இருந்தால் எப்படிப் பிரிப்பது?

விலை கடைக்குக் கடை மாறும். ஆனாலும், கையில் பத்தாயிரம் இருந்தால் அத்தனையையும் வயலினுக்கே கொட்டிவிடாதீர்கள். ஏழாயிரம், ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் வயலின், வில், பெட்டி மூன்றையும் முடித்துக்கொள்ளுங்கள். மீதியில் பிரிட்ஜையும் பிருடையையும் சரிசெய்யும் கூலி, நல்ல தந்தி செட் ஒன்று, ரோசின் ஆகியவற்றை அடக்கலாம். சரியாகச் செட் செய்த சாதாரண வயலின், செட் செய்யாத விலை உயர்ந்த வயலினைவிடப் பிள்ளைக்கு உபயோகம். சுருதிப் பெட்டிக்கும் ட்யூனருக்கும் தனிச் செலவு வேண்டாம்; செல்போனில் இலவச ஆப்கள் இருக்கின்றன. நீலம், சிவப்பு என்று கலர் வயலினுக்குப் பிள்ளை அடம்பிடித்தால், கலரைப் பெட்டியில் வாங்கித் தாருங்கள்.

ஐந்தாயிரம்தான் முடியும் என்றால்? புதிதாகப் பளபளப்பது ஒன்றை அவசரப்பட்டு வாங்குவதைவிட, வளர்ந்துவிட்ட வேறு மாணவரின் வயலினை விலை பேசுங்கள். சின்ன அளவு வயலின்கள் ஓரிரு வருஷத்தில் போதாமல் போய்விடும் என்பதால், நல்ல நிலையில் பழையது கிடைக்கும். பலகைகள் சேரும் ஓரத்தில் ஒட்டு விட்டிருந்தால் பயப்பட வேண்டாம். அதைத் திரும்ப ஒட்டலாம். ஆனால் மேல் பலகையில் பிரிட்ஜ் அருகே நீளவாக்கில் விரிசல் இருந்தால் விலகிவிடுங்கள். உள்ளே ‘ஸ்ட்ராடிவாரியஸ்’ என்று லேபிள் இருப்பதைக் காட்டி யாராவது விலை ஏற்றினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடலாம். இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்து 1737-ல் இறந்த அந்த மேதையின் பெயரை, பின்னாளில் ஜெர்மனி தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கான நகல்களில் அச்சடித்து ஒட்டின.

உப்புக் காற்றும் சாம்பலும்

எண்ணூரில் இரும்பு கேட்டையே தின்கிற காற்று, வயலின் தந்தியை விட்டுவைக்காது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் தந்தியையும் உடலையும் துடைத்துவிடுங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் தூசி படியும் வீடுகளில் வயலினைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டாம், பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் வயலின் பெட்டியில் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி பிருடை இறுகும். வெயில் காலத்தில் சுருங்கி வழுக்கும். அதற்கு ஆசிரியரிடம் கேட்டு, சோப்பும் சாக்பீஸும் லேசாகத் தடவினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைக்கப் பிள்ளைக்குப் பழக்குங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் வைக்காதீர்கள்; அந்தச் சூட்டில் ஒட்டு இளகும். கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பீரோவின் மேல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைப்பது பத்திரம்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும், முதல் ஆறு மாதம் வீட்டில் கதவு கிறீச்சிடும் சத்தம்தான் கேட்கும். எந்தப் பெரிய வித்வானும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பார். அந்தக் கிறீச், பழகாத விரலால் வருவதாக இருந்தால் நாளாக நாளாகக் குறையும். கருவியால் வருவதாக இருந்தால் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தாலும் குறையாது. இரண்டாவது வகைக் கிறீச்சைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது பெற்றோரின் வேலை. முதல் வகையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்!