எல்நினோ என்றால் எல்லாச் சரக்கும் ஏறுமா?

பேப்பரில் 'எல்நினோ' என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும், மறுநாள் காலையிலேயே கீழமாசி வீதியில் பேச்சு தொடங்கிவிடுகிறது. துவரை ஏறும், உளுந்து ஏறும், வத்தல் ஏறும், இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறார்கள். நம் நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்களும் அதைக் கேட்டுவிட்டு, வட்டிக்குப் பணம் புரட்டி, பத்து மூட்டை எடுக்கிற இடத்தில் முப்பது மூட்டை கேட்கிறார்கள். மொத்த வியாபாரம் செய்கிற எனக்கு அது லாபம்தான். ஆனாலும் இது சரியான கொள்முதல் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எல்நினோ என்றால் என்ன? பசிபிக் கடலில் சாதாரண வருஷங்களில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலில் சூடேறிய மேல்தண்ணீரை இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கரையோரம் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. சில வருஷங்களுக்கு ஒருமுறை அந்தக் காற்று தளர்ந்துவிடும். அப்போது சூடான நீர் கிழக்கே திரும்பி வந்துவிடும். கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைக் கண்ட பெரு மீனவர்கள் குழந்தை இயேசுவை நினைத்து வைத்த பெயர் அது. சூடான நீர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மேகம் கூடும். மேகம் கூடும் இடம் கிழக்கே நகர்ந்துவிட்டால் நம் நாட்டுக்கு வரும் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தளர்ந்துபோகிறது. இதற்கு நேர்மாறான நிலைக்கு லாநினா என்று பெயர். நம் பாட்டன், பூட்டன் காலத்துத் தாது வருஷப் பஞ்சத்தின்போது, அதாவது 1876 முதல் 1878 வரை மழை பொய்த்ததற்கும் இப்படி ஒரு பெரிய எல்நினோ காரணமாக இருந்தது என்று இன்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

துவரைக்கு இதில் சம்பந்தம் உண்டு. குல்பர்கா, லாத்தூர், அகோலா பக்கமெல்லாம் ஜூன், ஜூலை மழையை நம்பித்தான் துவரை விதைக்கிறார்கள். 2014-ல் நாட்டின் தென்மேற்குப் பருவமழை 12 சதவீதம் குறைவு. அடுத்த வருஷம் எல்நினோ முற்றி 14 சதவீதம் குறைவு. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தொட்டது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 2016-ல் மழை பெய்தது, விலையைப் பார்த்த விவசாயிகள் துவரையை அதிகமாக விதைத்தார்கள். 2017-ல் குவிண்டாலுக்கு ஆதார விலையான 5,050 ரூபாய்க்கும் கீழே துவரை விழுந்தது. ஏறின விலையில் வாங்கி அடுக்கியவர்கள் குடோனைத் திறந்து பார்க்கவே மனசில்லாமல் இருந்தார்கள்.

எல்நினோ வந்தால் மழை பொய்த்தே தீரும் என்பதும் கிடையாது. 1997-ல் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல்நினோக்களில் ஒன்று வந்தது. அவ்வருஷம் நாட்டில் சராசரியைவிடச் சற்று கூடுதலாகவே மழை. 2002-ல் வந்தது அவ்வளவு பெரியதல்ல, ஆனால் மழை 19 சதவீதம் குறைந்து ஊரே காய்ந்தது. ஏன் இந்த வித்தியாசம்? நம் வாசலில் இருக்கிற இந்தியப் பெருங்கடலும் தன் பங்குக்குக் கணக்குப் போடுகிறது. சில வருஷங்களில் ஆப்பிரிக்கா பக்கத்து நீர் சூடாகவும் சுமத்ரா பக்கத்து நீர் குளிர்ந்தும் போகும். இதை 'இருமுனை' என்கிறார்கள். சாஜி, யமகாட்டா முதலிய விஞ்ஞானிகள் 1999-ல்தான் இதை விளக்கி எழுதினார்கள். 1997-ல் இந்த இருமுனை நமக்குச் சாதகமாக இருந்தது. 2019-லும் அப்படித்தான், 10 சதவீதம் கூடுதல் மழை.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பெரியாறு அணைக்கு மேல்மலையில் தென்மேற்குப் பருவத்தில் தண்ணீர் சேர்கிறது. ஆனால் நம் கண்மாய்களும், ராமநாதபுரம் முண்டு வத்தலும், விளாத்திகுளம், கோவில்பட்டி கரிசலில் விளையும் உளுந்து, பாசிப்பயறு, மல்லியும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. வடநாட்டு மழையைக் குறைக்கிற அதே எல்நினோ, நம் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டுகிறது. துவரைக்குப் பஞ்சமான 2015-ல்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. எல்நினோ இல்லாத 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. 2023 எல்நினோ வருஷம். ஆகஸ்டில் நாட்டில் 1901-க்குப் பின் காணாத வறட்சி. டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கரிசல் பயிர் அழுகியதும் காய்ந்து அல்ல, தண்ணீர் நின்றுதான். இதற்கும் விதிவிலக்கு உண்டு. 2021 லாநினா வருஷம், ஆனாலும் இங்கே மழை கொட்டித் தீர்த்தது. ஆகவே துவரைக்குப் போட்ட கணக்கை வத்தலுக்கும் மல்லிக்கும் போடக்கூடாது.

இறக்குமதி சரக்குக்கு இன்னொரு கணக்கு. மலாவி, மொசாம்பிக் துவரை வரும் என்று நம்பியிருப்போம். 2024-ல் அதே எல்நினோ தென் ஆப்பிரிக்கப் பகுதியைக் காய வைத்தது. மலாவி அரசு மார்ச் மாதம் பேரிடர் நிலை அறிவித்தது. நம் விளைச்சலும் அவர்கள் விளைச்சலும் ஒரே கடலால் ஒரே சமயம் அடிபட்டால் எந்தத் துறைமுகத்தைப் பார்ப்பது?

அரசாங்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜூன் 2-ல் துவரை, உளுந்துக்கு மொத்த வியாபாரிக்கு 200 டன் என்று இருப்பு வரம்பு போட்டார்கள். செப்டம்பரில் அதையே 50 டன் ஆக்கினார்கள். அட்வான்ஸ் கொடுத்து, லாரி ஏறிவிட்ட சரக்கை என்ன செய்வது? வானிலை இலாகா ஏப்ரல் நடுவிலேயே பருவமழைக் கணிப்பை வெளியிடுகிறது, கடல் நிலவரமும் அதில் இருக்கிறது. மே கடைசியில் திருத்திய கணிப்பும் வருகிறது. அதைப் பார்த்து வரம்பை முன்கூட்டியே சொன்னால் நாமும் கொள்முதலை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம். பதுக்கல்காரன் என்ற பட்டம் எல்லோர் தலையிலும் விழாது.

நம் சங்கம் செய்யக்கூடியதும் உண்டு. ஏப்ரல், மே மாதக் கணிப்புகளையும், வடகிழக்குப் பருவத்துக்காக அக்டோபர் வாக்கில் வருகிற கணிப்பையும் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், இந்த இதழிலும் போடலாம். பசிபிக் நிலவரம், இந்தியப் பெருங்கடல் நிலவரம், எந்தச் சரக்குக்கு எந்தப் பருவம் என்று மூன்று பத்தி இருந்தால் போதும். அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி தலைவர், செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.