"பாவம்" என்ற சொல் போதுமா?

ஊரிலிருந்து உறவினர்கள் புனே வந்தால் தக்டுசேட் கணபதி, ஆகாகான் மாளிகை, அப்படியே ஷீரடி... நம்ம ஆட்களின் பட்டியல் அவ்வளவுதான். நம் கட்கியிலேயே இருக்கும் ஓர் இடம் அதில் வருவதே இல்லை. தண்டுவடத்தில் அடிபட்ட படைவீரர்களுக்காக 1974ல் தொடங்கிய மறுவாழ்வு மையம்.

அங்கே சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடுகிறார்கள். கை அசையாதவர்கள் தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓவியம் வரைகிறார்கள்.

முரளிகாந்த் பேட்கரை நினைத்துப் பாருங்கள். குத்துச்சண்டை வீரர். 1965 போரில் குண்டடி பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், 1972ல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கம் அதுதான்! பத்மஸ்ரீ கிடைத்ததோ 2018ல்.

"ஐயோ பாவம்" என்று நூறு ரூபாய் கொடுப்பதோடு நம் கருணை முடிந்துவிடுகிறது. பணம் தப்பில்லை. ஆனால் பாவம் என்றதுமே எதிரில் இருப்பவர் நமக்குக் கீழே போய்விடுகிறார். புதிதாக ஒன்றைக் கற்க வழிவிட்டால் அவர் நமக்குச் சமமாக உட்காருகிறார். அதுதான் கருணை என்பேன்.

நான் வேலை பார்க்கும் வங்கித் துறையிலேயே பாருங்கள். கையெழுத்தோ கைரேகையோ வைக்க முடியாதவர் கால்விரல் ரேகை வைக்கலாம், இரண்டு சாட்சி போதும் என்று விதி இருக்கிறது. விதி வழிவிடுகிறது. மனசுதான் யோசிக்கிறது.

பிள்ளைகளிடம் "பாவம்டா" என்று சொல்லாதீர்கள். ஒரு பென்சிலைப் பல்லில் கடித்துத் தன் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். மரியாதை தானாக வரும்.