மதுக்கடையில் குடும்ப போஜனம்

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழந்தை குட்டிகளோடு சாராயக் கடைக்குச் சாப்பிடப் போயிருந்தோம்" என்று நம்மவர் ஒருவர் சொன்னால், கேட்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார். இங்கிலாந்திலோ இதையே பேரன் பேத்தி எடுத்த பாட்டியம்மாள் வெகு சாதாரணமாகச் சொல்லுவாள். அங்கே பேட்டைக்குப் பேட்டை இருக்கும் பப்ளிக் ஹவுஸுக்குச் செல்லப் பெயர் 'பப்'. அவற்றில் பெரியவை, ஒரு கல்யாண கோஷ்டியே இறங்கினாலும் இடம் போதுமென்னும்படி விஸ்தாரமானவை.

அநேக பப்புகளில், சர்வர் வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்பார் என உட்கார்ந்திருந்தால், பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மேஜையின் இலக்கத்தை மனத்தில் பதித்துக்கொண்டு எழுந்து போய், கவுண்டரில் அதைச் சொல்லிப் பணத்தையும் கட்டிவிட வேண்டும். பிறகு தட்டு மேஜையைத் தேடிக்கொண்டு வரும். ஞாயிறன்று விசேஷம், வாட்டிய மாமிசமும் உருளைக்கிழங்கும் யார்க்ஷயர் புட்டிங்கும். பெயரைக் கேட்டுப் பாயச ஜாதி என்று எண்ணிவிட வேண்டாம். மாவும் முட்டையும் பாலும் கரைத்து அடுப்பில் உப்பவைத்த பண்டம் அது. மரக்கறிக்காரர்களும் இப்போது பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

இந்தச் சாப்பாடு மதுவோடு வந்து சேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1908-ஆம் வருஷத்துச் சட்டம், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மது வார்க்கும் அறைக்குள் நுழையலாகாது என்றது. அப்புறம் யுத்தம் வந்தது. ஸ்காட்லாந்து எல்லையில், கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்து குவிந்த தொழிலாளிகள், பக்கத்துக் கார்லைல் நகரைக் குடித்து அமர்க்களப்படுத்தினார்கள். சர்க்கார் என்ன செய்தது? 1916-இல் அந்தப் பிரதேசத்து மதுக்கடைகளையும், பீர் காய்ச்சும் ஆலைகளையும் தானே வாங்கிவிட்டது! பழைய தபாலாபீஸ் ஒன்றை 'கிரெட்னா டாவர்ன்' ஆக்கிச் சாப்பாடு போட்டது. கடையை நடத்துகிறவனுக்கு நிலையான சம்பளம். ஒரு கோப்பை அதிகம் விற்றாலும் மதுவினால் அவனுக்குக் காலணா லாபமில்லை. இந்த ஏற்பாடு 1973 வரையில் நடந்தது.

சர்க்கார் மதுக்கடை நடத்துவது நமக்கும் அதிசயமல்ல. ஆனால் விற்கிறவனுக்கு விற்பனையில் ஆசை இல்லாமற் செய்தார்களே, அதுதான் விசேஷம். கார்லைலில் குடியை அடக்கியதில் இதற்கும் பெரும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். புகழை மட்டும் தட்டு தட்டிக்கொண்டு போய்விட்டது.

ஏனெனில், சோற்றோடு சேர்ந்தால் மது சாதுவாகிவிடும் என்ற நம்பிக்கை அந்நாட்டுச் சட்டத்திலேயே ஏறிவிட்டது. 18 வயது நிரம்பாதவனுக்கு மது விற்கக் கூடாது. ஆனால் 16, 17 வயதுப் பிள்ளை, பெரியவர் ஒருவரோடு மேஜையில் அமர்ந்து சாப்பிடும்போது, அவர் வாங்கிக் கொடுக்கும் பீரையோ ஒயினையோ குடிக்கலாமாம். அந்த வயதுப் பையன்களை வருஷக்கணக்காக எதிரே உட்காரவைத்துப் பாடம் சொல்லும் எனக்கு இது ஜீரணமாகவில்லை. தட்டில் உருளைக்கிழங்கு இருப்பதால் கோப்பையிலிருப்பது மோராகிவிடுமா? தகப்பனார் கண்ணெதிரே அளவாகப் பழகட்டும் என்பது அவர்கள் வாதம். அந்தத் தகப்பனாருக்கு அளவு தெரியுமா என்பதைச் சட்டம் விசாரிப்பதில்லை.

கொரோனா நோயின்போது, 2020 டிசம்பரில், இந்த நம்பிக்கை பகிரங்கப் பரீட்சைக்கே வந்தது. பல பகுதிகளில், 'கணிசமான சாப்பாடு' வாங்குகிறவருக்குத்தான் பப்பில் மது என்று விதித்தார்கள். கணிசம் என்றால் எவ்வளவு? 'ஸ்காட்ச் எக்' என்று ஒன்று உண்டு. வெந்த முட்டையைக் கொத்திய மாமிசத்தால் மூடி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. அது சாப்பாடா, சிற்றுண்டியா? ஜார்ஜ் யூஸ்டிஸ் என்ற மந்திரி, சாப்பாடாகத்தான் கொள்ளலாம் என்றார். மைக்கேல் கோவ் என்ற இன்னொரு மந்திரி, தமக்கு அது பந்தியின் முதல் பண்டம் மாத்திரமே என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே, சாப்பாடுதான் என்று திருத்திக்கொண்டார். ராஜ்யமோ கொள்ளை நோயில் தத்தளித்துக்கொண்டிருந்தது; அதன் குடிமக்களோ, முட்டை ஒன்றா இரண்டா என்று மந்திரிகளின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.