லா ஒரோயா தீர்ப்பு

கோஸ்டா ரிக்கா தேசத்தின் தலைநகரில் அமர்ந்து நீதி வழங்கும் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிஸ்தலம், லா ஒரோயா என்ற ஊரின் வாசிகள் எண்பது பேர் பொருட்டு நடந்த வழக்கில் பெரு சர்க்காரைப் பொறுப்பாளியெனத் தீர்மானித்தது. தீர்ப்பு 2023-ம் வருஷம் நவம்பர் மாதத்தியது. 2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பகிரங்கமாயிற்று. உலோகம் உருக்கும் ஆலைகளின் அருகே ஜனங்கள் குடியிருக்கும் எந்த தேசத்தாரும் இத்தீர்ப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

லா ஒரோயா, ஆண்டீஸ் மலைத் தொடரில் சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், மந்தாரோ நதியின் குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1922-ல் ஸெர்ரோ டி பாஸ்கோ என்ற அமெரிக்கச் செம்புக் கம்பெனி அங்கே உருக்காலையை நிறுவியது. அம்மலைகளின் கனிமங்களில் செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றோடு பாஷாணமும் காட்மியமும் கலந்தே கிடைக்கின்றன. புகைபோக்கி கக்கியவற்றால் புல்வெளிகள் கருகின, கால்நடைகள் மாண்டன, குடியானவர்கள் நஷ்டஈடு கோரினார்கள். கம்பெனி என்ன செய்தது? பாழான நிலங்களையே விலைக்கு வாங்கிக் கொண்டது! பின்னர் புகையிலுள்ள தூசியைப் பிடிக்கும் கருவிகளை அமைத்தது. நிலம் ஓரளவு தேறியது. அதில் கம்பெனியின் ஆட்டு மந்தைகள் மேய்ந்தன. விஷத்தைப் பரப்பினவர் அதன் காரணமாகவே ஜமீன்தாராகலாம் என்று நாம் கற்ற சட்ட நூல் எதிலும் கண்டதில்லை.

1974-ல் பெரு சர்க்கார் இவ்வாலையைத் தேசிய உடைமையாக்கிற்று. அன்னிய முதலாளி போய்விட்டான். ஆயினும் புகை போகவில்லை. சென்ட்ரோமின் என்ற சர்க்கார் ஸ்தாபனம் 1997 வரை ஆலையை நடத்திய இருபத்து மூன்று வருஷங்களில் ஜனங்கள் சுவாசித்ததும் அதே ஈயமே. சுதேசி நிர்வாகம் என்ற பெயரைக் கேட்டதும் மனம் பூரிக்கும் நம்மவர்கள் இதைச் சற்று நிதானித்து யோசிப்பது நலம். நீதிஸ்தலமும் இவ்வருஷங்களுக்குரிய பொறுப்பைச் சர்க்காரின் தலையிலேயே சுமத்தியிருக்கிறது.

இவ்விஷம் வேலை செய்யும் விதத்தை விளக்குவது அவசியம். ஈயத்தூள் காற்றில் மட்டும் தங்குவதில்லை. வீட்டுத் தரையிலும், முற்றத்து மண்ணிலும், தொழிலாளி உடுத்தி வரும் துணியிலும் அது படிகிறது. தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. உண்ட ஈயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைவிடப் பன்மடங்கு அதிகமான பங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக் கொள்கிறது. உணவில் இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த ஏழைக் குழந்தைக்கு இன்னும் அதிகம். சுண்ணாம்புச் சத்தைப் போல் நடித்து ஈயம் எலும்பில் புகுந்து பல பத்தாண்டுகள் தங்குகிறது. கர்ப்பகாலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளிப்பட்டுக் கருவிலுள்ள சிசுவையும் சேர்கிறது. முதலில் பழுதுபடுவது மூளை. நோயென்று சொல்லத்தக்க அடையாளம் எதுவும் இராது. பிள்ளை பாடத்தில் பின்தங்குவான், எதிலும் மனம் நிலைக்காது. ஆசிரியர் அவனை மந்தபுத்தியென்று தண்டிப்பார். இதற்கு மேல் பாஷாணமும் காட்மியமும் புற்றுநோயை விளைவிப்பவை. காட்மியம் மூத்திரப்பிண்டங்களையும் கெடுக்கிறது.

குழந்தையின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஈயம் என்பது ஒரு காலத்தில் கவலைக்குரிய எல்லையாகக் கொள்ளப்பட்டது. 1999-ல் பெருவின் சுகாதார இலாகாவே நடத்திய பரிசோதனையில், லா ஒரோயாக் குழந்தைகளில் நூற்றுக்கு 99 பேர் அவ்வெல்லையைக் கடந்திருந்தனர். தீங்கற்ற அளவு என்று எதுவுமே இல்லையென உலக சுகாதார ஸ்தாபனம் இப்போது கூறுகிறது.

1997-ல் ஆலை டோ ரன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கைக்கு மாறியது. பத்து வருஷத்திற்குள் புகையைச் சீர்திருத்துவதாக அது ஒப்புக்கொண்டது. தவணை முடியுமுன்னரே வாய்தா கேட்டது, 2006-ல் கிடைத்தது, 2009-ல் மறுபடியும் கிடைத்தது. சர்க்கார் வாய்தாவுக்கு மேல் வாய்தா கொடுத்த இதே காலத்தில், அக்கம்பெனி தன் சொந்த தேசத்தில் நடந்துகொண்ட விதம் வேறு. மிஸௌரி மாகாணத்தில் ஹெர்குலேனியம் என்ற ஊரில் அதற்கு ஓர் ஈய உருக்காலை இருந்தது. அதிகாரிகள் நெருக்கவே, ஆலையைச் சுற்றியிருந்த சுமார் 160 வீடுகளை விலை கொடுத்து வாங்கி ஜனங்களை அப்புறப்படுத்த அது இசைந்தது. 2013 முடிவில் அவ்வாலை மூடப்பட்டது. ஒரே கம்பெனி, ஒரே ஈயம். ஓரிடத்தில் சட்டத்தை அமல் நடத்துவோர் இருந்தனர். மற்றோரிடத்தில் சட்டம் காகிதத்தில் இருந்தது.

தொழிலாளர் நிலையையும் கூறாமல் விடுவது நியாயமாகாது. ஊர் முழுவதும் அவ்வாலையின் கூலியை நம்பி இருந்தது. வழக்குத் தொடுத்தவர்களை, ஊரார் பிழைப்பில் மண்ணைப் போட வந்தவர்கள் என்று அயலாரே ஏசினர், மிரட்டல்களும் நடந்தன. 2009-ல் பணமுடையால் ஆலை நின்றதும் பல குடும்பங்கள் தவித்தது உண்மையே. பட்டினியா, விஷமா என்று தொழிலாளியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, அவன் விஷத்தைத் தேர்ந்தெடுத்ததைச் சம்மதமென்று காட்டும் வாதத்தை நாம் ஒரு போதும் ஏற்கமாட்டோம்.

கம்பெனியின் அமெரிக்க உடைமைக்காரரான ரென்கோ ஸ்தாபனமோ, வியாபார உடன்படிக்கையைக் காட்டி, பெரு சர்க்கார் தன்னை நியாயமாக நடத்தவில்லையென்று 2011-ல் 80 கோடி டாலர் கேட்டுக் கிளம்பிற்று. அக்கோரிக்கை கடைசியில் 2024 நவம்பரில் தள்ளுபடியாயிற்று. அதுவரை சர்க்கார் தற்காப்புக்குச் செலவிட்ட பணமும் காலமும் பெரு ஜனங்களுடையவை.

லா ஒரோயாவில் முப்பது நாட்களுக்குள் அவசர வைத்திய ஏற்பாடு செய்ய வேண்டுமென்று பெருவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2006 மே மாதத்திலேயே கட்டளையிட்டிருந்தது. சர்க்கார் அதை முறையாக நிறைவேற்றாததனால்தான் ஜனங்கள் தேசத்தின் எல்லைக்கு வெளியே நீதி தேட நேர்ந்தது. காற்றில் கந்தக வாயுவுக்குரிய தினசரி உச்ச அளவைக் கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராமிலிருந்து 250 ஆக அதே சர்க்கார் 2017-ல் உயர்த்தியது. காற்றைச் சுத்தம் செய்வதைவிட அளவுகோலைத் திருத்துவது சுலபமல்லவா? இந்த அளவுகளைத் திருத்தியமைக்கவும், மண்ணையும் நீரையும் பரிசோதித்துச் சீராக்கவும், பாதிக்கப்பட்டோர்க்கு இலவச வைத்தியம் அளிக்கவும், நஷ்டஈடு கொடுக்கவும் நீதிஸ்தலம் உத்தரவிட்டது. இவற்றுள் வைத்தியத்தையே பெரு சர்க்கார் முதலில் கைக்கொள்ள வேண்டும் என்போம். 2006-ம் வருஷக் கட்டளையின்போது ஐந்து வயதாயிருந்த குழந்தை, இத்தீர்ப்பு வெளியானபோது இருபத்து மூன்று வயது வாலிபன். அவன் எலும்பில் புகுந்த ஈயத்துக்கு வாய்தா கிடையாது.