சக்தி ஒரு பொருளா?

சக்தி அழிவதில்லை, ஓர் உருவத்தை விட்டு மற்றோர் உருவத்தை எய்துவதே அதன் இயல்பு என்று பௌதிக நூல்கள் கூறுகின்றன. இதனைப் பயிலும் மாணவர் பலர், சக்தியென்பது குடத்திலிருந்து குடத்திற்கு வார்க்கப்படும் நீர்போன்ற ஓர் அரூபப் பொருளென்றே எண்ணிவிடுகின்றனர். அவ்வெண்ணம் தகுமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இம்மயக்கம் புதிதன்று. பிரெஞ்சு இரசாயன நிபுணராகிய லவாய்சியர் 1789-ல் வெளியிட்ட மூலகங்களின் பட்டியலில், கலோரிக் என்னும் வெப்பப்பொருளும் இடம்பெற்றிருந்தது. பீரங்கியைத் துளைக்குங்கால் வெப்பம் ஓயாது பிறப்பதைக் கண்ட ரம்போர்டு பிரபு, அளவுள்ள பொருளெதுவும் இங்ஙனம் வற்றாது சுரத்தல் கூடாதென 1798-ல் வாதித்தார். பின்னர் ஜூல் முதலியோரின் சோதனைகளால் கலோரிக் மறைந்தது. ஆயினும் அதன் ஆசனத்தில் சக்தியை ஏற்றினாரும் உளர். ஆஸ்ட்வால்ட் என்னும் ஜெர்மன் அறிஞர், 1895-ல் லூபெக் நகரில், சடப்பொருளை நீக்கிச் சக்தியையே அடிப்படையாகக் கொள்ளவேண்டுமென்றார். போல்ட்ஸ்மன் அதனை மறுத்தார். அன்று அணுவை ஏலாத ஆஸ்ட்வால்டே பின்னாளில் அதனை ஒப்புக்கொண்டார்.

பொருளாவது யாது? குணங்களுக்கும் தொழில்களுக்கும் நிலைக்களமாவதே பொருளென்பர் வைசேடிகர். இவ்வளவுகோலைச் சக்திக்கு இட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் புகைவண்டியிலே, 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவன் அமர்ந்திருக்கிறான். நிலையத்தில் நிற்பவன் கணக்கில் அவனது இயக்கசக்தி 12,000 ஜூல். அருகே அமர்ந்திருப்பவன் கணக்கிலோ அது சுன்னம். காண்பான் நிலைக்கேற்ப உளதாகவும் இலதாகவும் ஆவதொன்றைத் தனிப்பொருளென்று எங்ஙனம் கொள்வது?

அழியாமையே பொருளின் இலக்கணமெனின், உந்தமும் அழியாததே. அதனைப் பொருளென்பார் இலர். இயற்கை விதிகள் காலத்தால் மாறாமையினின்றே சக்தியின் அழியாமை பெறப்படுமென்று எம்மி நோத்தர் என்னும் கணித மேதை 1918-ல் நிறுவினார்.

சக்திக்கு நிறையுண்டென ஐன்ஸ்டைன் 1905-ல் காட்டினாரன்றோ எனின், உண்மையே. ஒரு கிலோகிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடேற்றின், அதன் நிறை ஒரு கிராமின் ஏறத்தாழ இருபது கோடியில் ஒரு பங்கு மிகும். ஆனால் மிகுவது நீரின் நிறையேயன்றி, நீருட் புகுந்த வேறொரு பொருளின் நிறையன்று. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் கூடி மறையுங்கால் எஞ்சுவதும் வெறுஞ் சக்தியன்று, சக்தியையுடைய ஒளித்துகள்களே.

இது வெறுஞ் சொற்போரன்று. "சக்தி செய்தது" என்று கூறி அமைவோமாயின் ஆராய்ச்சி அவ்விடத்தே நின்றுவிடும். "எதனுடைய சக்தி? எதனை நோக்க இவ்வளவு?" என்று வினவுவோமாயின் அது மேற்செல்லும். "எல்லாம் சக்தியே" என்று பௌதிகத்தின் பெயரால் தத்துவம் பேசுவாரையும் இவ்விரு வினாக்களாலேயே சோதித்தறியலாம். சக்தி பொய்யென்று யாம் கூறவில்லை. அது மெய்யான குணம். குணத்தைக் குணமாகவே கொள்ளுதல் பௌதிகத்திற்கும் தத்துவத்திற்கும் ஒருங்கே நலம் பயக்கும் என்பது எம் துணிபு.