ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கமும் எங்க அம்மாவும்

எங்க ஊர்ல ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வட்டக் கிளை இருக்கு. 1996ல ஆரம்பிச்சாங்க. மொத்தமே 11 பேர். எங்கப்பா அதுல ஒருத்தர். ரிட்டயராகி ரெண்டு வருஷமா வீட்டுல உக்காந்து எங்களையெல்லாம் திருத்திக்கிட்டு இருந்தவருக்கு வெளிய போக ஒரு இடம் கிடைச்சுதேன்னு அம்மாவுக்கு ஒரே நிம்மதி :-) முதல் கூட்டம் எங்க வீட்டுத் திண்ணையில. சந்தா வருஷத்துக்குப் பத்து ரூபா. அதுக்கும் கார்பன் வச்சு ரசீது. வாத்தியாருங்களாச்சே!

பத்து வருஷத்துல உறுப்பினர் எண்ணிக்கை 200ஐத் தாண்டிடுச்சு. மேடைப் பேச்சால இல்லை. அகவிலைப்படிக்காக நடத்தின ஆர்ப்பாட்டத்தாலகூட இல்லை. கருவூலத்து வாசல்ல வேப்பமரத்தடியில கிடந்த ஒரு பெஞ்சாலதான்.

அப்பல்லாம் ஏப்ரல்லேருந்து ஜூனுக்குள்ள பென்ஷன்காரங்க கருவூலத்துக்கு நேர்ல போய், உயிரோட இருக்கேன்னு காட்டிட்டு வரணும். நேர்காணல்னு பேரு. கத்திரி வெயில்ல எழுபது வயசுக்காரங்க வரிசையில நிப்பாங்க. கிளைக்காரங்க ரெண்டு பேர் முறை வச்சு அந்த பெஞ்சுல உக்காந்து, படிவம் நிரப்பி, போட்டோ ஒட்டி, தண்ணி குடுத்து உள்ள அனுப்புவாங்க. வெளிய வரும்போது ரசீது புக்கை நீட்டினா யார் மாட்டேம்பாங்க?

ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 17ல ஆண்டுக்கூட்டம். அது ஓய்வூதியர் தினம். 1982ல அந்தத் தேதியிலதான் நகரா வழக்குல உச்ச நீதிமன்றம், பென்ஷன்ங்கறது அரசாங்கம் போடற பிச்சை இல்லை, உரிமைன்னு தீர்ப்பு சொல்லுச்சு. 1979 மார்ச் 31க்கு முன்னாடி ரிட்டயரானவங்களுக்கு ஒரு கணக்கு, பின்னாடி ரிட்டயரானவங்களுக்கு ஒரு கணக்குன்னு பிரிச்சது செல்லாதுன்னாங்க. இதை அப்பா வருஷா வருஷம் மைக்ல சொல்லுவார். நாங்க பின்வரிசையில கொட்டாவி விடுவோம்.

அப்பா 2015ல போயிட்டார். குடும்பப் பாதுகாப்பு நிதி 50,000 ரூபா, அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம்னு எல்லாத்தையும் கிளைச் செயலாளர்தான் கூட நின்னு முடிச்சுக் குடுத்தார். அப்ப அவருக்கே எழுபது தாண்டியாச்சு.

சிக்கல் 2021ல வந்துச்சு. எண்பது வயசு முடிஞ்சா 20 சதவீதம் கூடுதலா வரணும். அம்மாவுக்கு வரலை. ஏன்னா, பென்ஷன் ஆவணத்துல அப்பாவோட பிறந்த தேதி இருக்கு, அம்மாவோடது இல்லை. அம்மா அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சாங்க. கையில சர்டிபிகேட் எதுவும் கிடையாது. எனக்கு ஒண்ணும் ஓடலை. செயலாளர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தப் பள்ளிக்கூடம்மா?"

அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவரே போய், பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டித் தேடிப் பிடிச்சுட்டார். எந்தப் பதிவேட்டுல எந்தப் பக்கத்துல என்ன இருக்கும்ங்கறது வாத்தியாருக்குத்தானே தெரியும்? நாலு மாசத்துல அரியரோட பணம் வந்துடுச்சு.

நன்றி சொல்லலாம்னு அந்த வருஷ ஆண்டுக்கூட்டத்துக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். சாப்பாடு நல்லா போட்டாங்க. ஆனா நிர்வாகிகள் தேர்தல்ல அம்மா கையைத் தூக்கினப்போ ஒரு பெரியவர், "குடும்ப ஓய்வூதியருக்கு ஓட்டு இல்லம்மா"ன்னார். தன்மையாத்தான் சொன்னார். அம்மா கையை இறக்கிட்டாங்க. எனக்குத்தான் சோறு இறங்கலை.

அவங்க சொல்ற காரணம்: இது ஆசிரியர் சங்கம், அவங்க ஆசிரியர் இல்லையே. வாஸ்தவம்தான். ஆனா அப்பா மைக்ல சொன்ன அதே நகரா வழக்குல மூணாவது மனுதாரர் யாரு? பென்ஷன்காரரே இல்லை. 'காமன் காஸ்'ங்கற ஒரு பொதுநல அமைப்பு. தனியா கோர்ட்டுக்கு வர முடியாத முதியவங்களுக்காக அவங்க வரலாம்னு நீதிமன்றம் ஏத்துக்கிச்சு. வாங்கறவர்தான் பேசணும்னு அன்னிக்கு நீதிமன்றம் சொல்லலை. இங்க வாங்கறவங்களையே பேசாதேங்கறோமே!

யோசிச்சுப் பாருங்க. கிளை ஆரம்பிச்ச அந்த 11 பேர்ல இன்னிக்கு ரெண்டே பேர்தான் இருக்காங்க. நாலு வீட்டுல அவங்க மனைவிங்க இருக்காங்க. கிளைக்கு இப்ப வர்ற சிக்கலான வேலையெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி வீடுகள்லேருந்துதான். பெயர்ல இனிஷியல் தப்பு, கூட்டுக்கணக்குத் தகராறு, பிறந்த தேதி இல்லை. வேலை அவங்களுக்காக நடக்குது, முடிவை மட்டும் அவங்க இல்லாம எடுக்கறாங்க. ஒரு ஓட்டும், செயற்குழுவுல ரெண்டு இடமும் குடுத்தா சங்கம் என்ன குறைஞ்சா போயிடும்? இருந்திருந்தா அப்பாவும் முதல்ல மறுத்திருப்பார். அம்மா ஒரு பார்வை பார்த்ததும் தீர்மானத்தை அவரே எழுதியிருப்பார் :-)

இதையெல்லாம் கடிதமா எழுதிக் கிளைக்குக் குடுத்திருக்கேன். "பரிசீலிக்கிறோம்"னாங்க. விடறதா இல்லை.

உங்க வீட்டுல பென்ஷன்காரர் இருந்தா இன்னிக்கு ராத்திரியே பென்ஷன் புத்தகத்தை எடுத்துப் பாருங்க. துணைவரோட பேரும் பிறந்த தேதியும் சரியா இருக்கான்னு. இல்லைன்னா அவர் இருக்கும்போதே சரி பண்ணிடுங்க. எல்லா ஊர்லயும் எங்க செயலாளர் மாதிரி ஒருத்தர் கிடைக்கமாட்டார்.

உங்க ஊர்க் கிளையில இவங்களுக்கு ஓட்டு இருக்கா? பின்னூட்டத்துல சொல்லுங்க. எனக்கு அடுத்த கடிதத்துக்கு ஆகும்.